பரணில் ஒரு வின்செஸ்டர்

தாத்தா விட்டுப்போகும் சொத்துகளில் நிலத்தைப் பாகம் பிரிக்கலாம், நகையை எடை போட்டுப் பங்கிடலாம். துப்பாக்கியை மட்டும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ பழைய வீட்டைக் காலி செய்யும்போது பெட்டிக்கு அடியிலிருந்து அது வெளியே வரும். கோணித் துணியில் சுற்றி, நீண்டு, எதிர்பார்த்ததைவிடக் கனமாக. விசைக்குக் கீழே விரல்கள் நுழையும்படி ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'சடக் சடக்' என்று சத்தம். சினிமாவில் குதிரைவீரர்கள் சுழற்றும் அதே துப்பாக்கி. மூத்த மகன் மும்பையில், காட்கோபரில் குடியிருக்கிறார். 'நீயே கொண்டுபோய்விடு' என்று தம்பிகள் சொல்லிவிடுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. அந்தத் துப்பாக்கியைப் படுக்கை விரிப்பில் சுற்றி தாதர் எக்ஸ்பிரஸில் ஏற்றினால், இறங்கும்போது அவர் வாரிசு அல்ல. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கும் குற்றவாளி. 1959-ம் வருட ஆயுதச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்ட பிறகு, இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச தண்டனையே இரண்டு வருடச் சிறை. ஐந்து வருடம் வரை போகலாம். தாத்தாவின் ஞாபகார்த்தம் என்பது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் வாதம் இல்லை.

எனவே துப்பாக்கி என்ன விலை போகும், எப்படித் துடைப்பது என்ற கேள்விகளுக்கு முன்னால் வேறொரு கேள்விக்குப் பதில் வேண்டும். இப்போது அது யார் கையில் இருக்கலாம்?

லைசென்ஸ் என்பது ஆளுக்குத் தரப்படுவது, வீட்டுக்கு அல்ல. லைசென்ஸ்தாரர் இறந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் வேறு யாருக்கும் அதை வைத்திருக்கும் உரிமை கிடையாது. சட்டத்தின் 21-வது பிரிவு வழி சொல்கிறது: அநாவசியத் தாமதமின்றி பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைப்பது என்றால் இழப்பது என்று அர்த்தமில்லை. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கி வந்து திரும்பப் பெறலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அரசாங்கம் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியும். ஒப்படைக்கும்போது தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், தோட்டா அளவு, இருக்கும் கீறல்கள்கூட எழுதிய ரசீது வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். வருடங்கள் கழித்து மீட்கப் போகும்போது, அதே துப்பாக்கிதானா என்று நிரூபிக்க அந்தக் காகிதம் மட்டுமே மிஞ்சும்.

தாத்தா இறந்து முப்பது வருடமாகிவிட்டது, லைசென்ஸ் புத்தகம் கரையான் தின்றுவிட்டது என்கிற வீடுகளும் உண்டு. அங்கே நாள் கடத்துவதுதான் மிகப் பெரிய தவறு. ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, எழுத்து மூலமாகத் தெரிவித்து ஒப்படைப்பதே மரியாதையான வழி. ராத்திரியில் கிணற்றில் போடுவது, வேலைக்காரரிடம் கொடுத்துவிடுவது போன்ற கிராமத்து யோசனைகள் ஒரு பிரச்னையை இரண்டாக்கும்.

வாரிசு லைசென்ஸுக்கு 2016-ம் வருட ஆயுத விதிகளில் தனி விதியே இருக்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே கூட, 70 வயதாகிவிட்டாலோ 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற முடியும். பல குடும்பங்களுக்கு இது தெரியாது. அப்பா திடமாக இருக்கும்போதே, அவர் கையெழுத்தோடு முடிக்க வேண்டிய காரியம் இது. அவர் போன பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பழைய லைசென்ஸ் எல்லாம் சேர்க்க வேண்டும். பாகப்பிரிவினையில் மனக்கசப்பு உள்ள குடும்பமென்றால் அந்த ஆட்சேபணையின்மைக் கடிதமே கிடைக்காது.

காட்கோபர்வாசி விண்ணப்பிக்க வேண்டியது மும்பை போலீஸ் கமிஷனரிடம். விசாரணைக்கு உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவார். இதுவரை எல்லா ஊருக்கும் பொதுவான கதை. காட்கோபருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தருவதற்கு முதன்மை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கட்டடக் காட்டுக்கு நடுவில் சரணாலயமா என்று கேட்கலாம். தானே கழிமுகத்தில் பூநாரைகளுக்காக 2015-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் காட்கோபருக்குக் கிழக்கே, இந்தச் சுற்றளவுக்கு நன்றாக உள்ளேயே இருக்கிறது. புலி சுட்ட துப்பாக்கிக்குப் பூநாரை தடை சொல்லும் ஊர் இது.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019-ம் வருடத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இந்த வரம்பு தாண்டக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். குடகு மக்களுக்கு மட்டும் பழைய விலக்கு தொடர்கிறது. ஆயுதத்தைப் பூஜையில் வைத்து வணங்கும் மரபு அவர்களுடையது. அந்த விலக்கை 2019-ல் மத்திய அரசு பத்து வருடத்துக்கு நீட்டித்தது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றது. மற்றவர்களுக்கு ஆயுத பூஜை இருக்கிறது, விலக்கு இல்லை.

இனி துப்பாக்கிக்கு வருவோம். லீவர் ரைஃபிள் என்பது அமெரிக்கா உலகுக்குத் தந்த சாதனம். கீழே இருக்கும் வளையத்தைத் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோளிலிருந்து இறக்காமலே அடுத்தடுத்துச் சுடலாம். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரிலிருந்த வின்செஸ்டர் கம்பெனி 1866, 1873, 1886, 1892, 1894, 1895 என்று வருடங்களையே பெயராக்கி இவற்றை விற்றது. இந்தப் பட்டியலின் கடைசி நான்கையும் வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். தமிழர்களுக்குப் பரிச்சயமான பெயர்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்திய பெல்ஜியத் தயாரிப்புக் கைத்துப்பாக்கியும் அதே பிரவுனிங்கின் மூளையில் உதித்த வகை.

தமிழ்நாட்டுக் காடுகளில் லீவர் ரைஃபிளுக்கு ஒரு பிரபலமான சொந்தக்காரரும் உண்டு: பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்து 1974-ல் இறந்த இவர், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்து, அந்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதியவர். அவர் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர், .405 அளவு. இதே மாடலை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனார். ஆண்டர்சன் காலத்து வேட்டைக்கு 1972-ம் வருட வனவிலங்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. துப்பாக்கிகள் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டன.

பரணில் கிடைத்தது என்ன வகை என்று கண்டுபிடிக்க, முதலில் அது காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயை ஆள் இல்லாத திசையில் திருப்பி, விசையில் விரல் படாமல், லீவரை முழுவதும் திறந்து அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் தோட்டாக்கள் குழாய்க்கு அடியில் ஓடும் இன்னொரு மெல்லிய குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். துருப்பிடித்த ஸ்பிரிங்கில் ஒன்று சிக்கிக்கொண்டு வெளியே தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்து லீவர் ரைஃபிள்களில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. ஹேமரைப் பாதியில் நிறுத்துவதுதான் ஒரே பாதுகாப்பு. அதன் தேய்மானத்தை நம்பி எதையும் செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் தொடாமல், ஆயுத வியாபாரியிடம் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது.

பிறகு எழுத்துகள். குழாயின் மேல் கம்பெனி பெயரும் தோட்டா அளவும் இருக்கும். வரிசை எண் பொதுவாக உடல்பகுதியின் அடியில், முன்பக்கம். 1894 மாடலில் '30 டபிள்யூ.சி.எஃப்.' என்றிருந்தால் அது .30-30 தோட்டா, புகையில்லா மருந்துக்கென்று விசேஷ நிக்கல் எஃகில் செய்த குழாய் என்ற வாசகமும் இருக்கலாம். கறுப்பு வெடிமருந்துக் காலத்து 1873 போன்ற மாடல்களின் உடல் இன்றைய பலமான தோட்டாக்களைத் தாங்காது. 1895 மாடலில் அடிக்குழாய் கிடையாது. தோட்டா பெட்டி நடுவில் இருக்கும். இந்த மாடல் .303 அளவிலும் செய்யப்பட்டது. அந்த எண் கண்ணில் பட்டால் கவனம் தேவை. .303 இராணுவத் தோட்டாவின் அளவு. தடைசெய்யப்பட்ட வகைகளைப் பற்றிய விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது. அப்படிப்பட்ட வகைக்கு லைசென்ஸ் தரும் அதிகாரம் கமிஷனரிடம் இல்லை, மத்திய அரசிடம் இருக்கிறது. குழாயில் பொறித்த மூன்று இலக்கம் ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தை வேறு நகரத்துக்கே அனுப்பிவிடும்.

லண்டன் அல்லது பர்மிங்ஹாமில் சோதித்த முத்திரைகள் இருந்தால், அமெரிக்காவிலிருந்து பிரிட்டன் வழியாக வந்தது என்று ஊகிக்கலாம். கல்கத்தாவின் மேன்டன், ரோடா போன்ற கடைகளின் பெயர் பொறித்திருந்தால் அது தனிச் சரித்திரம். 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளைக் கடத்தியது இந்த ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்துதான். ஸ்பெயினில் 1892 மாடலை அப்படியே நகலெடுத்து விற்ற கம்பெனியும் இருந்தது. பார்வைக்கு வின்செஸ்டர், மதிப்பில் இல்லை. அசல் வின்செஸ்டர்தானா, எப்போது ஆலையை விட்டு வெளியேறியது என்பதை அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் கேட்கலாம். வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் பலவும் அங்கே இருக்கின்றன. மாடலையும் வரிசை எண்ணையும் எழுதினால், அந்த எண் பதிவில் இருக்கும்பட்சத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தருவார்கள்.

அப்படியானால் விலை? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க ஏலத்தில் பழைய வின்செஸ்டர்கள் பெருந்தொகைக்குப் போகின்றன என்று யாரோ சொல்ல, காட்கோபர் வீட்டில் கனவு ஆரம்பிக்கும். அந்தச் சந்தைக்கு இந்தத் துப்பாக்கி போகவே முடியாது. நூறு வயது தாண்டிய, சரித்திர முக்கியத்துவம் உள்ள பொருள் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாதது. உள்ளூரில் வாங்குபவர் லைசென்ஸ் உள்ளவராகவோ வியாபாரியாகவோ இருக்க வேண்டும். தனியாருக்கு விற்பதென்றால் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும்.

வாங்குபவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். அவருக்கு அனுமதி இரண்டே துப்பாக்கிக்கு. இந்திய அரசு ஆலைகள் .315, .30-06, .22 ரைஃபிள் தோட்டாக்கள் செய்கின்றன; .405-ஓ .30-30-ஓ அந்த வரிசையில் இல்லை. சுட முடியாத துப்பாக்கிக்காகத் தன் இரண்டு இடத்தில் ஒன்றை யார் விட்டுக்கொடுப்பார்? இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால் பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளுக்கு இந்தியாவில் எக்கச்சக்க கிராக்கி ஏற்பட்டது உண்மை. ஆனால் தோட்டா கிடைக்காத வேட்டை ரைஃபிளுக்கு அந்த யோகம் இல்லை. எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டானபோது, சட்டம் ஒரு ரூபாய்கூடப் பிடுங்காமலே பரம்பரைத் துப்பாக்கிகளின் விலையைச் சரித்துவிட்டது.

ஆகவே மதிப்பீட்டாளரிடம் கேட்க வேண்டியது, இதை யார் வாங்க முடியும் என்பதைத்தான். அதற்குப் பிறகே அசல் நிறம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, குழாயின் உள்வரிகள் கூர்மையாக உள்ளனவா, மரக்கட்டை அசலா, திருகுகளின் தலை சிதையாமல் இருக்கிறதா என்ற விவரங்கள். இங்கே ஒரு பொன்விதி உண்டு: பளபளப்பாக்காதே. மங்கிய நீலக்கறுப்பும் தேய்ந்த மரமும் குறைகள் அல்ல, சாட்சிகள். பட்டறையில் கொடுத்துப் புதிதாக நிறமேற்றி, மரத்துக்குப் பாலீஷ் போட்ட துப்பாக்கியைச் சேகரிப்பாளர் தொடமாட்டார். பழைய வெண்கலச் சிலையைப் புளி போட்டுத் தேய்த்துப் பாழாக்குவது போலத்தான் இதுவும்.

லைசென்ஸ் கிடைத்துத் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த எதிரி மும்பையின் காற்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் நகரம். போதாததற்குக் கழிமுகத்து உப்பு. மராத்தியில் 'மாளா' என்று சொல்லும் பரண் பெரும்பாலும் குளியலறைக்கு மேலே இருக்கும். இரும்புக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. தோலுறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தோல் பதனிட்ட ரசாயனம் இரும்பை அரிக்கும். கோணி, ரெக்ஸின், பிளாஸ்டிக் உறை எதிலும் மூடி வைக்கக் கூடாது. பூட்டுள்ள இரும்பு அலமாரி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இவ்வளவு போதும். சாவி எங்கே என்று குழந்தைகளுக்குத் தெரியக் கூடாது. தோட்டா இருந்தால் அது வேறு பூட்டில்.

தொட்ட பிறகு துடைக்காமல் வைத்தால் விரல்ரேகையே துருவாகப் பதியும். துடைக்க மெல்லிய தாது எண்ணெய், தையல் மிஷினுக்குப் போடுவது போன்றது, ஒரு துளி. தேங்காயெண்ணெய் கூடாது, நாளடைவில் பிசினாக இறுகி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளைக் கட்டிப்போடும். மேல்துருவை உப்புத்தாளால் தேய்க்காமல், எண்ணெயில் ஊறவிட்டு முரட்டுத் துணியால் மெதுவாக எடுக்க வேண்டும். மரத்துக்கு வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய், கை ஈரம் அளவுக்கு.

குழாயைச் சுத்தம் செய்வதில் லீவர் ரைஃபிளுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பின்பக்கம் மூடியிருப்பதால், பெரும்பாலான மாடல்களில் கம்பியை வாய்ப்பக்கமாகத்தான் நுழைக்க முடியும். கம்பி உரசி வாயின் விளிம்பு தேய்ந்தால் துல்லியம் போய்விடும், மதிப்பும் போய்விடும். விளிம்பைக் காக்கும் வளையம் போட்டு, மெதுவாக, நேராகச் செலுத்த வேண்டும். பழைய தோட்டாக்களின் பொறிமருந்து குழாயில் உப்பை விட்டுப்போகும் ரகம். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. வெந்நீர்தான் கரைக்கும், பிறகு ஈரமில்லாமல் உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். உள்ளே கழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. 'ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமே' என்பதை முற்றிலும் மறந்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் மனமில்லாதவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, பழுதுபார்த்தாலும் சுட முடியாதபடி நிரந்தரமாகச் செயலிழந்த பழைய ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-வது பிரிவு தரும் விலக்கு. இதை அதிகாரிகளின் அனுமதியோடு செய்ய வேண்டும். தெருமுனை லேத் பட்டறையில் குழாயை அறுத்துவிட்டு வந்து விலக்கு கேட்க முடியாது. அறுத்த பின் அது பாதித் துப்பாக்கி, பாதிச் சரித்திரம். இன்னொன்று, ஆயுதக் காட்சிக்கூடம் உள்ள சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம், மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயம் போன்றவற்றை அணுகுவது. எல்லாத் துப்பாக்கியையும் அவர்கள் ஏற்க மாட்டார்கள். யாருடையது, எந்தக் காட்டில் இருந்தது, எந்தக் கடையில் வாங்கியது என்ற கதை ஆதாரத்தோடு இருந்தால் கேட்கக் காது கொடுப்பார்கள்.

அந்தக் கதையை எழுதிவைப்பதுதான் எந்த வாரிசும் உடனே செய்யக்கூடிய, லைசென்ஸ் தேவைப்படாத காரியம். 1878-ம் வருட ஆயுதச் சட்டம் இருந்த காலத்தில் ஓர் இந்தியர் ரைஃபிள் வைத்திருந்தார் என்றால், வெள்ளை அரசாங்கம் அவரை நம்பியது என்று அர்த்தம். அவர் ஜமீனா, எஸ்டேட் கங்காணியா, வன இலாகாவா, யார் சிபாரிசு செய்தார்கள் என்பதெல்லாம் பழைய லைசென்ஸ் புத்தகத்தின் முத்திரைகளிலும், புதுப்பித்த தேதிகளிலும், மங்கிய வேட்டைப் புகைப்படத்திலும் இருக்கும். இரும்புக்குத் துரு வர ஒரு மழைக்காலம் வேண்டும். காகிதத்தைக் கரையான் ஒரே வாரத்தில் முடித்துவிடும். துப்பாக்கி போலீஸ் அறையில் பத்திரமாகத் தூங்கட்டும். தாத்தா வீட்டின் அந்தக் காகிதக் கட்டை இன்றே எடுத்து வைக்கலாம்.